உப்பளத்தில் தடம் பார்ப்பவன்

மரக்காணம் உப்பளத்தில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் காலடித் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான். எனக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் அது பெரிய வித்தையில்லை. சீசன் தொடங்கும்போது பாத்தித் தரை இறுகுவதற்காக எல்லோரும் வரிசையாக நின்று நாள்கணக்கில் சேற்றை மிதிப்போம். நாங்கள் கதை பேசிக்கொண்டு மிதித்தோம். அவன் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு மிதித்தான். அவ்வளவுதான். எண்பதுகளின் கடைசியில் ஆடு காணாமல் போனாலும் சைக்கிள் காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் அவனைத் தேடி வந்தது. இன்ஸ்பெக்டர் அவனை முன்சீட்டில் உட்காரவைத்து எக்கியார்குப்பம் வரை கூட்டிப்போவார். என் வீட்டுக்காரியே, "அந்த அண்ணனுக்கு என்னா கண்ணு! நீயும் இருக்கிறியே, வச்ச பீடிக்கட்டை தினம் தேடிக்கினு" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் வேலைக்கு முதல் ஆளாகப் போனேன். தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினைக் காணோம். இரண்டு பேர் அதைத் தூக்கிப்போன தடம் ஈர மண்ணில் ரோடு வரை தெளிவாகக் கிடந்தது. இதையும் அவன்தான் கண்டுபிடிப்பான், இன்றைக்கும் ஜீப்பில் ஏறுவான். என்ன புத்தியோ, உப்பு வாரும் பலகையை எடுத்து அத்தனை தடத்தையும் இழுத்து அழித்துவிட்டேன். பிறகு ஒன்றும் தெரியாதவன்போல ரோட்டுக்குப் போய் மற்றவர்களோடு திரும்பி வந்தேன்.

போலீஸ் வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஜீப் வந்ததும் அவன் குனிந்தபடியே போய், அழித்த இடத்தின் ஓரத்தில் நின்றுவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகையோடு நான் நடந்த தடம் வரப்பில் அப்படியே இருந்தது. அது என் தடம் என்று அவன் வாய் திறந்தால் திருடன் நான்தான்.

"யார்றா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் தடத்தின்மேலேயே ஏறி நின்றுகொண்டு, "ஒன்னும் புரியலீங்கய்யா" என்றான்.

"உன்னைப் போயி நம்பி வந்தேன் பாரு, தண்டம்!"

அத்தனை பேர் முன்னால் திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஜீப் அவனைத் தேடி வரவேயில்லை.

மத்தியானம் தனியாக இருந்தபோது கேட்டேன். "ஏம்பா, ஏன் சொல்லலே?"

"நீ திருட மாட்டேன்னு எனக்குத் தெரியும். வயித்தெரிச்சல்ல அழிச்சிட்டே. அதைப் போயி போலீசுகிட்ட எப்படிப்பா சொல்றது?" என்று சிரித்தான்.

அவன் பெயர் கெட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கெட்டுவிட்டது. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் விரல் நீட்டிக் காட்டியிருப்பேன். அது புரிந்த பிறகு அவன்மேல் எனக்குப் பொறாமை இன்னும் கூடித்தான் போனது.