பாலும் மீனும் படாத சாப்பாடு

கொழும்பில் எந்தக் கடையில் மாட்டிறைச்சிக் கறி உறைப்பாக இருக்கும், எந்தக் கடையில் புரியாணி பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடும் என்று அந்த நாளில் என்னைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை புறக்கோட்டைக்குப் போய் வந்தவன் நான். பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு மட்டும். மிச்சப் படிப்பெல்லாம் பஸ்ஸிலும் சாப்பாட்டுக் கடையிலும் பக்கத்தில் இருந்தவர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். ஆனால் மீன், இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் படாத ஒரு பிடி சாப்பாடு கொழும்பில் எங்கே கிடைக்கும் என்று எழுபதுகளின் கடைசி வரைக்கும் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவன் பாண்டிருப்பில் எருமை வைத்திருந்த என் கூட்டாளி. முதலில் எங்கள் வீட்டுக்குத் தயிர் கொண்டு வந்தான். பிறகு சும்மாவும் வந்தான். கடைசியில் நானும் அவனும் மச்சான், மச்சான் என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. தயிர் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. "அந்த மனிசன் தயிர் விக்கிறதே, மிஞ்சுறதச் சாப்பிடத்தான்" என்பாள் என் மனைவி.

அவன் மனைவிக்கு வயிற்றில் கட்டி. கொழும்பில் வெட்ட வேண்டும் என்று சொல்லி, துணைக்கு அவளுடைய தங்கையையும் சேர்த்து முதலிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் திருக்கோவில் முருகனுக்கு நேத்திக்கடன் வைத்தான். அவள் தன் காலால் நடந்து வீட்டுப் படி ஏறும்வரை மீன், இறைச்சி, முட்டை தொடுவதில்லை. பால், தயிர், நெய்யும் தொடுவதில்லை. மற்றவர்கள் மச்சம் மாமிசத்தை விட்டால் போதும் என்றிருப்பார்கள், நீ ஏன் தயிரையும் சேர்த்தாய் என்று கேட்டேன்.

"விட்டாக் கஷ்டம் தெரியாத சாமானை விட்டு என்ன நேத்தி மச்சான்? சாமி என்ன மடையனா?"

எங்கள் ஆட்களும் பள்ளிவாசலுக்கு நேத்தி வைக்கிறவர்கள்தான். அதனால் எனக்கு அது புதினமாகப் படவில்லை. "சாப்பாட்டுக்கு நீ யோசிக்காத. கொழும்பு எனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் பாத்துக்கிறன்" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் இரண்டு பேரும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். வீட்டிலிருந்து வாழையிலையில் கட்டி வந்த பிட்டும் பழமும் பஸ்ஸிலேயே முடிந்துவிட்டன. புறக்கோட்டையில் என் வழமையான கடைக்குக் கூட்டிப் போனேன். பரிமாறுகிறவன் என்னைக் கண்டதும், "நானா, இன்டைக்கு ஈரல் நல்லம், போடவா?" என்றான். மரக்கறி மட்டும் போதும் என்றதும் அவன் முகம் எங்கள் வீட்டில் யாரோ மௌத்தாகிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கொண்டு வந்து வைத்த கத்தரிக்காய்க் கறியில் ஒரு எலும்புத் துண்டு கிடந்தது. இரண்டு விரலால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இப்ப மரக்கறிதான் நானா" என்றான். என் கூட்டாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் போடாத வெறுந்தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு எழும்பினான்.

செட்டியார் தெருவில் சைவக் கடைகள் இருப்பது எனக்குத் தெரியும். சாரக்கட்டோடு அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. படியில் கால் வைத்ததும் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஏன் கழட்டினாய்? போடு. சாம்பார் ஒண்டும் செய்யாது" என்றான் அவன்.

தோசைக்கு நெய். சாம்பாருக்கு மேலே ஒரு கரண்டி நெய். பொங்கலைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை, கையைத் தூக்கினால் வழியும். காசு வாங்கும் பட்டறையில் திருநீறு பூசி இருந்த பெரியவரிடம் போய் நெய் இல்லாமல் ஏதும் உண்டா என்று கேட்டோம்.

"நெய் இல்லாமலா? எங்க அப்பா காலத்துலேர்ந்து சுத்தமான நெய்யி ஐயா."

"அந்தச் சுத்தம்தான் ஐயா எனக்குச் சரிவராது" என்றான் இவன், பணிவாக.

"பாலும் வேணாம், நெய்யும் வேணாம். நீங்க சைவமா, இல்ல சைவத்துக்கும் மேல ஏதாச்சுமா?" என்று கேட்டார். ஆனாலும் கதையைக் கேட்டபிறகு தானே எழும்பிக் குசினிக்குப் போனார். நான் பின்னாலேயே போய், கரண்டியைக் கூடக் கழுவச் சொன்னேன். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வந்தன. என் கூட்டாளி ஆறு இட்லி சாப்பிட்டான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் மெலிந்து போயிருந்தாள். வாய் மட்டும் மெலியவில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா, தயிர் இல்லாம இவருக்குக் கண் குழி விழுந்திட்டு. என்னை விட்டுட்டு இவரை வெட்டச் சொல்லுங்க" என்றாள். அவன் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

அங்கிருந்து காலிமுகத்திடல். வடை வாங்கலாம் என்று பார்த்தால் ஒவ்வொரு வடையின் தலையிலும் ஒரு இறால் கால் நீட்டிப் படுத்திருந்தது. இனிப்புக் கடையில் லட்டு நெய், மஸ்கட்டும் நெய். தொதல் மட்டும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். இரண்டு துண்டு வாங்கினோம். கடலைப் பார்த்தபடி நின்று, விரலில் ஒட்டியதையும் விடாமல் சாப்பிட்டான். "நாளைக்கு எல்லாம் சரியா வரும்போல இருக்கு மச்சான்" என்றான்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவளை உள்ளே கொண்டு போனார்கள். அவன் வெளியே நீட்டு வாங்கில் உட்கார்ந்தபடி பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. பத்தரைக்கு எழும்பப் போய்ச் சுவரைப் பிடித்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. செட்டியார் தெரு தூரம். வெளிக் கேற்றடியில் ஒரு சிங்களப் பெண் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் இலையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மீன் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். மீன் வேண்டுமென்றால் அங்கால உள்ள கடைக்குப் போகச் சொல்லிக் கையையும் காட்டினாள்.

மரத்துக்குக் கீழே இருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"இப்பதான் வாய்க்கு ருசி வந்திருக்கு மச்சான்" என்றான்.

எனக்கும் அது வீட்டுச் சம்பல் மாதிரியே இருந்தது. பாதிக்கு மேல் சாப்பிட்டபோது பல்லில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. விரல்நுனியில் எடுத்துப் பார்த்தேன். மண்ணிறத்தில், மரச்சிராய் போல ஒரு சின்னத் துண்டு. மாசி.

மாசி என்பது மீனை அவித்துப் புகைபோட்டு, மரக்கட்டை ஆகும்வரை காய வைத்ததுதான். ஆனால் எங்கள் வீடுகளில் அதை யாரும் மீன் என்று சொல்வதில்லை. மீன் சைக்கிள் பெட்டியில் தெருவால் வரும். மாசி பலசரக்குக் கடையிலிருந்து வந்து, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் பேணியில் கிடக்கும். சம்பலில் மீன் இருக்கிறதா என்று என் வீட்டுக்கு வந்து ஒருவர் கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. முதல் வாயிலேயே என் நாக்குக்கு அது தெரிந்திருக்கும். பழகிய ருசி என்றபடியால் பேசாமல் இருந்துவிட்டது.

அவன் கையைப் பிடித்துத் தடுப்பதற்காக என் கையை நீட்டினேன்.

"என்ன, உனக்குக் காணாதா?" என்று கேட்டுவிட்டு, தன் இலையில் மிஞ்சியிருந்த கிழங்கை எடுத்து என் இலையில் வைத்தான்.

அதை நான் சாப்பிட்டேன்.

அவள் நல்லபடியாக வெளியே வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போய் அதற்கு என்ன பரிகாரமோ அதை இரண்டு பேருமாகச் செய்யலாம். உள்ளே அவள் வயிறு திறந்து கிடக்கிற நேரத்தில் இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதினேன். முருகனுக்கு வைத்த நேத்தியில் நான் விட்ட பிழையை என் ரப்பிடம் எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஒரு மணிபோல இளம் டொக்டர் ஒருவர் வந்தார். தமிழர். "திறந்து பாத்தம். எல்லா இடமும் பரவியிருக்கு. ஒண்டும் செய்யேலாது, மூடிட்டம். தையல் வெட்டினதும் வீட்ட கூட்டிப் போங்க" என்றார்.

"எவ்வளவு காலம் இருப்பா சேர்?" என்று இவன் கேட்டான். டொக்டர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

அவளுடைய தங்கை சுவரோடு சாய்ந்து அழுதாள். இவன் அழவில்லை. விரலை மடக்க ஆரம்பித்தான்.

"பஸ்ஸில பிட்டு. உன்ட கடையில வெறுந்தேத்தண்ணி. செட்டியார் தெருவில இட்லி, கரண்டியையும் கழுவச் சொன்னாய். மறுகா தொதல். இண்டைக்குக் கிழங்கு." விரல்களை விரித்து மறுபடியும் முதலில் இருந்து மடக்கினான். "எங்க மச்சான் பிழை விட்டன்? நீதானே பக்கத்தில நிண்டாய். சொல்லு, நான் ஏதும் பிழை விட்டனா?"

சொன்னால், தன் வாய்தான் அவளைக் கொண்டு போனது என்று காலமெல்லாம் நினைப்பான். சொல்லாவிட்டால், இல்லாத பிழையைக் காலமெல்லாம் தேடுவான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒரு பிழையும் விடல்ல" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அது உண்மைதான். மிச்சப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் தலையை என் தோளில் போட்டான். என் சட்டையில் சம்பல் மணம் அடிக்குமோ என்று பயந்தபடி அசையாமல் இருந்தேன்.

அவன் நேத்தியை விடவில்லை. "அவள் எப்படியும் நடந்துதானே படி ஏறோணும்" என்றான். பொழுது படும்போது, "பசிக்குது மச்சான், ஏதும் பாரு" என்று சொன்னான். நான் வெளியே போனேன். செட்டியார் தெரு வரைக்கும் நடந்தேன். அந்தப் பெரியவர் பட்டறையில் இருப்பது தெரிந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. இல்லை என்று ஒருவர் சொன்னால் அதை எதை வைத்து நம்புவது? திரும்பி வருகிற வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும், வெட்டாத வத்தகப்பழம் ஒன்றும், இளநீர் இரண்டும் வாங்கினேன். யாருடைய கையும் உள்ளே போயிருக்க முடியாத சாமான்கள்.

தையல் வெட்டும்வரை ஒவ்வொரு நாளும் அதையேதான் வாங்கிக் கொடுத்தேன். கொழும்பு எனக்கு அத்துப்படி என்று நம்பி வந்தவன், வாங்கில் இருந்தபடி ஒவ்வொரு பழமாக உரித்துச் சாப்பிட்டான். ஏன் பழம் மட்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை.