புள்ளிக்கோடு

அந்தக் கட்டத்தாளில் ஓர் ஓட்டை இருக்கிறது. அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து விழுந்த ஓட்டை. போன கிழமை என் மகள், கிரேக்கப் புராணத்து ராசா ஒருவரின் வம்சமரம் கீறவேண்டும் என்று வந்து நிற்க, சித்தப்பா அலுமாரியைத் திறந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்ததும் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினேன். நாற்பதை எட்டப்போகிறவளுக்கு இப்படியும் பயம் வருமா? வந்ததே! சித்தப்பா என்று உங்களுக்கு விளங்குவதற்காக எழுதுகிறேன். வாயில் வருவது அப்பாதான்.

பெற்றவர்கள் ஊரில் நடந்த போரில் செத்தபின், ஐந்து வயதில் என்னைத் தன் மகள் என்று பதிந்துதான் அவர் பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாசப்பலுக்குக் கூட்டிவந்தார். பல் தீட்டும்போதுகூட ஒரே பாடம்: "ஆர் கேட்டாலும் நான்தான் அப்பா. மாறிச் சொன்னியெண்டால் ரெண்டு பேரையும் ஊருக்குத் திருப்பிப் பிளேன் ஏத்திப்போடுவாங்கள்." ஆறு வருடம் நான் வாய் தவறியதே இல்லை. பதினொரு வயதில், பள்ளிக்கூடத்தில் கெடுத்தது அதே ராசாதான்.

க்ஸூதோஸ் என்று பெயர். பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத ராசா. தேவ்காலியோனின் மகன் ஹெலென், ஹெலெனின் மகன் இவர். பிள்ளையில்லை. கோயிலை விட்டு வெளியேறும்போது முதலில் எதிர்ப்படுபவன் உன் மகன் என்று தெய்வம் சொல்ல, எதிரே வந்த இயோனை இவர் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். உண்மையில் அவன் வேறொருவர் பிள்ளை. அதனால் ஆசிரியை இருவருக்கும் நடுவே புள்ளிக்கோடு போட்டார். பெறாத தகப்பனுக்கென்று ஒரு கோடு! எனக்குப் பிடித்துப்போயிற்று. தாளின் மறுபக்கத்தில் அவரவர் குடும்பத்தைக் கீறச் சொன்னதும், செத்த அப்பாவிடமிருந்து எனக்கு நேர்கோடு, சித்தப்பாவிடமிருந்து புள்ளிக்கோடு. கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது.

மூன்றாம் நாள் ஆசிரியை சித்தப்பாவைப் பள்ளிக்கு அழைத்தார். உணவகச் சமையலறையிலிருந்து வெங்காய மணத்தோடு வந்தார். மொழிபெயர்க்க நான். "அப்பாவின் இடத்தில் இருப்பவர் யார்?" என்று ஆசிரியை பிரெஞ்சில் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"வடிவாக் கீறியிருக்கிறனாம்."

அவர் தாளைப் பார்த்தார். அங்கே தன் அண்ணனின் பெயரைப் பார்த்தார். மேசையிலிருந்த அழிறப்பரை எடுத்து, தாள் கிழியும்வரை அந்தப் பெயரைத் தேய்த்தார். பிறகு பென்சிலால் புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கோடாக்கினார். "முவா, பப்பா" என்றார், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில்: நான்தான் அப்பா. ஆசிரியை ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைத் திருப்பித் தந்தார். அதற்குப்பிறகு மாதக்கணக்காகப் பள்ளி விட்டதும் ஓடிவந்து, அரசாங்கக் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா என்று கடிதப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சித்தப்பா என்னை ஒரு ஏச்சு ஏசியிருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும்.

போன கிழமைதான் தாளைக் கையிலெடுத்துப் பார்த்தேன். ராசாவின் பக்கத்தில், ஓட்டையை மூடி ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. குடும்பத்தின் பக்கம் திருப்பினால், ஓட்டைக்குள் என்னைப் பெற்றவரின் பெயர், நீல மையில்.

"இது எப்ப ஒட்டினனீங்கள்?"

"அண்டைக்கே. அண்ணையின்ர பேரை அழிச்சுப்போட்டு எனக்கு எப்பிடிப் பிள்ளை நித்திரை வரும்?" பிறகு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டார். "எனக்கு மட்டும் ஏன் புள்ளிக்கோடு போட்டனி?"

தாளை அவர் பக்கம் தள்ளினேன். "சின்னப்பிள்ளை விசர், அப்பா. அதைத்தான் நீங்கள் அண்டைக்கே நேராக்கிப்போட்டியளே."

"ஓம்" என்றார், அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே.