இறக்கத்தில் விளக்கு

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் அப்படிக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு காரிமங்கலத்துப் பக்கம். என் மகள், வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறவள். அவள் புது லேப்டாப் வாங்கியதும் பழைய கம்ப்யூட்டர் என் பொறுப்புக்கு வந்தது. அதில் ஒரு சண்டை விளையாட்டு. பழைய உலகப்போர், சிப்பாய், பாலம், மலைப்பாதை, டேங்கு. ஒரு மழைக்காலம் முழுக்க அதில் தோற்றேன். தோற்றுத் தோற்றுத்தான் இருட்டில் டேங்கு ஓட்டப் பழகினேன். அதற்கு இங்கிலீஷ் எதற்கு? பச்சை என்னுடையது, சிவப்பு எதிராளியுடையது.

என் தம்பிக்கும் அதே பைத்தியம். லாரி ஓட்டியே பாதி ஆயுளைத் தொப்பூர் கணவாயில் கழித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொபெட்டில் கோணிப்பையும் கயிறுமாக வந்து நின்றான்.

“அக்கா, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியக் குடு. எங்க வூட்ல வெச்சிக்கறேன். உனக்கு எதுக்கு அது? டேங்குன்னா தண்ணித் தொட்டின்னு நெனச்ச ஆளு நீ.”

அது உண்மைதான். முதன்முதலில் மகள் விளையாடும்போது, “டேங்கு வெடிச்சிடுச்சி!” என்று கத்த, நான் மாடிக்கு ஓடினேன். அதற்காக?

“மாமா ஆசப்படறாரு, குடுத்துடும்மா. நீ டிவி பாரு” என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது.

“ஆடி ஜெயிச்சிட்டு எடுத்துக்கினு போடா. வெளையாட்டுல ராத்திரிச் சண்ட இருக்குல்ல, அது.”

“தோத்துட்டு அழுவக் கூடாதுக்கா.”

“கயித்த பத்தரமா வெச்சிக்கோ. திரும்பக் கொண்டு போவணும்ல.”

மகள் லேப்டாப்பை அவனுக்குக் கொடுத்து, இரண்டையும் ஒரு வயரில் இணைத்துவிட்டாள். முதுகுக்கு முதுகாக உட்கார்ந்தோம். அவன் மலை உச்சியில், நான் அடிவாரத்துப் பாலத்தில். என் பாலத்தைப் பிடித்தால் அவனுக்கு வெற்றி.

அந்த விளையாட்டில் டேங்குக்கு விளக்கு உண்டு. போட்டால் வழி தெரியும். ஊருக்கே நாமும் தெரிவோம். நான் எல்லாவற்றையும் அணைத்தேன். சாலையை விட்டு, வளைவுக்குப் பக்கத்து மரங்களுக்குள் டேங்குகளை நிறுத்தினேன். இருட்டில் டேங்கு குருடு. அதற்குக் கண் சிப்பாய்தான். இரண்டு பேரைச் சாலையோரம் படுக்கவைத்தேன்.

இதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஆனால் அவனை எனக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் மொபெட்டுக்கு விளக்குப் போடுகிறவன் அவன். விளக்கில்லாமல் இறக்கத்தில் இறங்க அவன் கை வராது.

“என்னம்மா, தூங்கிட்டியா?” என்றாள் மகள்.

“வர்றவன் வரட்டும்.”

உச்சியின் விளிம்புவரை விளக்கில்லாமலே வந்தான், கெட்டிக்காரன். சரிவு தொடங்கியது. மஞ்சளாக இரண்டு கண் முளைத்தது. பின்னால் இன்னும் இரண்டு. பிறகு வரிசையாக, கணவாயில் லாரிகள் இறங்குவதுபோல.

முன்னால் போகிற லாரி குறுக்கே சாய்ந்தால் பின்னால் ஒன்றும் நகராது. பஸ்ஸில் மாட்டிக்கொண்டு நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதல் டேங்கை வளைவுக்குள் வரவிட்டு அடித்தேன். சுட்ட நெருப்பு நம்மைக் காட்டிக்கொடுக்கும். சுட்டவுடன் பாறைக்குப் பின்னால் நகர்ந்தேன். அவன் குண்டு வெறும் மரத்தில் விழுந்தது.

“மாமா, லைட்ட ஆஃப் பண்ணுங்க!” மகளுக்கே பொறுக்கவில்லை.

“எறக்கம்டி! ஆஃப் பண்ணா வண்டி எங்க போயி விழும்?”

எங்கேயும் விழவில்லை. நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக எரிந்தன.

தம்பி நாற்காலியைத் தள்ளி எழுந்தான். “லைட் இல்லாம எறங்கறவன் டிரைவரே இல்லக்கா.”

“நீ நல்ல டிரைவருதான்டா. பொட்டி என்னுது.”

கோணிப்பையை மடித்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். வெயில் இருக்கும்போதே, வாசல் சரிவில் மொபெட் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினான்.

“ஏம்மா, விட்டுக் குடுத்திருக்கலாம்ல?” என்றாள் மகள்.

“குடுன்னதோட நின்னிருந்தா குடுத்திருப்பேன். உனக்கு எதுக்குன்னான் பாரு!”