ஆணியில் தொங்கிய குடை

அந்தக் குடைக்கு மூங்கில் பிடி. எங்கள் பெரிய வாத்தியார் காலையில் வந்ததும் பள்ளி வாசலில் இருந்த ஆணியில் அதை மாட்டுவார். குடை தொங்கினால் அவர் பள்ளியில் இருக்கிறார் என்று அர்த்தம். உலு திராமுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவருமாக நின்ற பள்ளி அது. முப்பதுகளின் தொடக்கம். அவரையும் சேர்த்து வாத்தியார்கள் மூன்றே பேர். குடையைக் கண்டதும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிடுவேன். பிள்ளைகள் போடும் கூச்சலில் கூரை பறக்கும். சத்தம் கேட்டால் பாடம் நடக்கிறது என்பது அவருடைய கணக்கு. மனுஷன் ஒரு நாளும் உள்ளே வந்து ஒரு சிலேட்டை வாங்கிப் பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் மட்டும் கத்த விடமாட்டார். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய் தகப்பனோடு எழுந்து, ரப்பர் மரத்தடியில் அவர்களுக்குக் கையுதவி செய்துவிட்டு வரும் பிள்ளைகள் பெஞ்சிலேயே தூங்கி விழும். அரைமணி நேரம் தூங்க விடுவார். பிறகு ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லித்தருவார். அவரும் நானும் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள்.

ஒருநாள் இடைவேளையில், வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து, பொந்தியான் பக்கம் ஒரு பள்ளிக்கு மனுப் போட்டிருப்பதை அவரிடம் மட்டும் சொன்னேன். மறுநாளே பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார்.

"பொந்தியான்ல வேலை தேடுறீங்களாமே?"

மூன்றாம் வகுப்பு வாத்தியாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதே! அன்று முதல் சோற்றுத்தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். "என்னங்க, என் மேல ஏதும் கோவமா?" என்று அவர் கேட்டபோதும், நன்றாக நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவர் யாரோடு பேசினாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தோன்றியது. அந்த வாரமே பெரிய வாத்தியார், "மூணாம் வகுப்புல ஏன் சத்தமே இல்ல?" என்று கேட்டார். எழுத்துச் சொல்லித்தருகிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். "புள்ளைங்க தூங்குறாங்க சார்" என்றேன். பொய் இல்லை. மாத முடிவில் மூன்றாம் வகுப்பு வாத்தியாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தகரப்பெட்டியோடு லாரியில் ஏறும்போது என்னிடம், "கடைசிப் பெஞ்சுப் பொண்ணு இப்பதான் எழுத்துக் கூட்டுது. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல விட்டுவிட்டு, கரும்பலகைத் துணியை உதறப் பள்ளியின் பின்பக்கம் போனேன். குடை முன்வாசலில் தொங்கியது. குடைக்காரர் பின்சுவரில் காதை வைத்து நின்றார். அந்தப் பலகைக்கு மறுபக்கம்தான் அன்று நாங்கள் இருவரும் மனுவைப் பற்றிப் பேசிய பெஞ்சு. பெரிய வாத்தியார் அசட்டுச் சிரிப்போடு, "நல்லாத்தான் நடத்துறீங்க" என்றார். அந்தப் பாராட்டைப்போல் ஒரு வசவை நான் வாங்கியதில்லை. மன்னிப்புக் கேட்க, போனவருடைய விலாசம்கூட என்னிடம் இல்லை.

இப்போது அங்கே பெரிய வாத்தியார் நான். அந்தக் கடைசிப் பெஞ்சுப் பெண் தோட்டத்தில் ரப்பர் பால் வாளி தூக்குகிறாள். அவளுக்கு இன்னும் கைநாட்டுத்தான். நான் யார் சுவருக்குப் பின்னாலும் நின்றதில்லை. ஆனாலும் காலையில் அதே ஆணியில் என் குடையை மாட்டியதும் வாய்ப்பாடு கிளம்புகிறது. சத்தம் வராத வகுப்பு எது என்றுதான் என் காது முதலில் தேடுகிறது.