கிளிப்பை மாற்றிய கேப்டன்

படகுத்துறையில் அவளை எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். கட்டிய கணவரும் அப்படித்தான்; கிண்டல் பாதி, மரியாதை பாதி. போன மாதம் அவள் இறந்தபோது நிஜப் பெயரைக் கேட்டு, "அது யாரு?" என்று விழித்தவர்கள் உண்டு.

மீன் பிடிக்கும் ஆசையோடு வருகிறவர்களை ஏரிக்குள் அழைத்துப்போவது அவர்கள் தொழில். அவள் படகை ஓட்டுவாள், கணவர் பின்பக்கம் நின்று தூண்டில்களைக் கவனிப்பார். வீட்டில் சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோனாலும் படகில் இந்த ஏற்பாடு மாறாது. மீன் மாட்டினால் அவர் பக்கப்பலகையைத் தட்டுவார். அவள் வேகத்தைக் குறைப்பாள்.

வெயில் காலத்தில் மீன் அடியாழத்துக்குப் போய்விடும். அதனால் எஃகுக் கம்பியில் ஈயக்குண்டு கட்டி இறக்குவார்கள். குண்டுக்குச் சற்று மேலே ஒரு கிளிப்: துணி காயப்போடும் கிளிப்பின் முரட்டு அண்ணன், வாயில் ரப்பர் பதித்தது. தூண்டில் நூலைக் கவ்விக்கொண்டு அது ஆழத்துக்குப் போகும். படகு மெல்ல நகர, போலி மீன் பின்னால் நீந்தி வரும். நிஜ மீன் கவ்வி இழுத்ததும் கிளிப் நூலை விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சின்ன மீன் மாட்டியதே மேலே தெரியாது. பாவம், வழியெல்லாம் இழுபட்டு வரும். தளர்ந்து பிடித்தால் அலை தட்டினாலே நூல் நழுவிவிடும்.

ஒரு வருடம் அந்தப் பருவத்தில் நூல் நழுவிக்கொண்டே இருந்தது. நூலின் இழுப்பில் வளைந்திருந்த தூண்டில் கோல்கள் காரணமில்லாமல் நிமிர்ந்தன.

"ஏன் சார், உங்க கோலுக்கெல்லாம் அடிக்கடி தூக்கம் கலையுமா?" என்றார் படகில் வந்த ஒருவர்.

"மீன் தொட்டுப் பாத்துட்டுப் போகுது," என்றார் கணவர்.

கேப்டன் திரும்பிப் பார்த்தாள். அவர் கிளிப்பை முழங்காலுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. கிளிப்பின் வாய் பாதிகூடத் திறக்கவில்லை. நூல் ரப்பரின் விளிம்பில்தான் உட்கார்ந்தது. அவர் நிமிர்வதற்குள் அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரையில் அவளுடைய தம்பி காத்திருந்தான்.

"அக்கா, மச்சானுக்கு முடியல. அவரு இங்க உக்காந்து டிக்கெட் குடுக்கட்டும். பின்னாடி நான் நிக்கறேன். சும்மாதானே இருக்கேன்."

"நீ சும்மா இருக்கறது ஊருக்கே தெரியும்டா," என்றாள். படகில்லாத நாட்களில் கணவர் சமையலறை மூடிகளை அளவு வாரியாக அடுக்குகிறவர். கரையில் உட்கார வைத்தால் ஒரே மழைக்காலத்தில் மனிதர் கரைந்துவிடுவார்.

பிடி இளகிய கிளிப் வாங்கினாள். போலி மீனின் இழுப்புக்கே அது வாயைப் பிளந்தது. அதைவிடக் கொஞ்சம் கெட்டியானதை அவரால் திறக்க முடியவில்லை. தொழிற்சாலையில் ஸ்பிரிங் சோதிக்கும் வேலையில் இருந்த மகள், தொங்கு தராசு கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தாள்.

"இதுல தப்பிக்க வழியில்லம்மா. பிடிக்கிறதும் அதே ஸ்பிரிங்தான், திறக்கணும்னா அழுத்துறதும் அதே ஸ்பிரிங்தான். பிடிக்கிறது வேற, மாட்டுறது வேறன்னு இருந்தாத்தான் உண்டு."

மேசையில் மாத்திரை அட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ரப்பர் பேண்ட் கிடந்தது. கேப்டன் அதை உருவினாள். நூலைச் சுற்றி, ஒரு முனையை இன்னொரு முனைக்குள் விட்டு இறுக்கினாள். மிஞ்சிய வளையத்தைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள்.

"இழுடி."

மகள் இழுத்தாள். பட்டென்று அறுந்தது. மீன் இழுத்தாலும் இப்படித்தான் அறும்; மாட்டுவதற்கு மட்டும் பலம் வேண்டாம். வீட்டிலிருந்த ரப்பர் பேண்டுகளையெல்லாம் அறுத்துத் தீர்த்தார்கள். மெல்லியது போலி மீனின் இழுப்பையே தாங்காது. தடித்தது மீனையே மதிக்காது. நடுத்தரமானது சரியாக வந்தது. வெயில் பட்டால் இற்றுப்போகும், மூடிய டப்பாவில் வைக்க வேண்டும் என்றாள் மகள்.

மறுநாள் ஈயக்குண்டுகளில் கிளிப்புக்குப் பதில் கொக்கிகள் இருந்தன.

"கிளிப்பு எங்க?"

"கழட்டிட்டேன். தண்டம். இனிமே ரப்பர் பேண்டுதான்."

"மளிகைக் கடையில பொட்டலம் கட்ட விட்டமாதிரி இருக்கு, கேப்டன்."

"கட்டுங்க. கட்டிட்டுப் பேசுங்க."

முதல் வளையம் கைநழுவி ஏரியில் விழுந்தது. இரண்டாவதை அவர் பல்லில் கவ்வினார். இடது கையால் நூலைச் சுற்றி, தலையைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினார். கொக்கியில் மாட்ட விரல் மடங்கத் தேவையில்லை. அவள் கண்ணை ஏரியிலேயே வைத்திருந்தாள். காது மட்டும் பின்பக்கம் இருந்தது.

குண்டுகள் இறங்கின. கோல்கள் வளைந்து நின்றன. அலை தட்டியது, ஒன்றும் நழுவவில்லை. திரும்பும் வழியில் ரப்பர் அறுந்து ஒரு கோல் துள்ளி நிமிர்ந்து உடனே குப்புற வளைந்தது. படகில் வந்தவர் கத்திக்கொண்டே கோலைப் பிடித்தார். கணவர் பலகையை ஓங்கித் தட்டினார். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

கரையில் தம்பி கொக்கியைத் தூக்கிப் பார்த்தான். "என்னக்கா இது, பள்ளிக்கூடப் பசங்க சமாச்சாரம்?"

"மீனுக்குப் பிடிச்சிருக்கு. உனக்கென்ன?"

அவன் போன பிறகு கணவர் பக்கத்தில் வந்து நின்றார். வாயோரம் ரப்பர் அழுத்திய தடம் இருந்தது.

"கிளிப்புல ஒரு குறையும் இல்ல, கேப்டன்."

"தெரியும்."

அவர் மிச்சமிருந்த ரப்பர் பேண்டுகளை டப்பாவில் போட்டார். பிறகு, "தடிமனா ரெண்டு வாங்கி வை. பெரிய போலி மீன் கட்டினா இது தாங்காது," என்றார்.

அவள் வாங்கி வைத்தாள்.