அண்ணை அனுப்பிய புதுப் புல்வெட்டி

"புத்தம் புதுசடா. ஒருநாள்கூட ஓட்டேல்லை" என்று கனடாவிலிருந்து அண்ணை போனில் சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் கராஜ் வேலையை விட்டேன். ஏறி இருந்து ஓட்டுகிற புல்வெட்டும் மெஷின். பள்ளிக்கூட மைதானங்களை வெட்டியே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய திட்டம். மெஷின் வந்ததும் அம்மா சும்மா விடவில்லை. இணுவில் கந்தசாமி கோவிலடியில் தேங்காய் உடைத்து, மெஷினின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் வளவுக்குள் ஏற்றினோம்.

முதல் வேலை ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். விளையாட்டுப் போட்டிக்கு முன் வெட்டி முடிக்கவேண்டும். அரைவாசிகூட முடியவில்லை, கத்தி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சுவிட்சை இழுத்தால் கத்தி சுழல்வதாயில்லை. கருகல் மணம் வேறு. அதிபரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு இழுத்துவந்து அடியில் படுத்தேன். கத்தியை எஞ்சினோடு சேர்க்கிற கிளச் தேய்ந்து பளபளத்தது. புது மெஷினில் இப்படித் தேய வழியே இல்லை. கடைச்சல் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீர்செய்யலாமென்று கழற்றத் தொடங்கினேன். இடைவெளியைச் சரிசெய்கிற மூன்று நட்டுகளும் இனி இறுக்க இடமில்லாதபடி இறுகியிருந்தன. ஒன்றின் கீழே வாஷர் வித்தியாசமாகத் தெரிந்தது. மேலே பூசியிருந்த பச்சைப் பெயின்றை நகத்தால் சுரண்டினேன். வாஷரே இல்லை, நடுவில் துளை போட்ட கனடாச் சதக்குத்தி, ஒரு சத நாணயம்.

அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். போன வருடம் அண்ணை தன்னுடைய பழைய மெஷினை வீடியோவில் காட்டி, கிளச் வழுக்குது, ஒரு வாஷரும் துலைஞ்சுபோச்சு என்று புலம்பினார். சதக்குத்தியைத் துளைத்துப் போட்டு நட்டுகளை இறுக்கச் சொன்னது நான்தான். கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்றும் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பழசு என்று சொல்லி அனுப்பியிருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். மனிசன் என்னைப் பேயனாக்கிவிட்டு, அந்தச் சதத்துக்கும் அல்லவா பெயின்ற் அடித்திருக்கிறார்!

அன்று பின்னேரம் அவரே எடுத்தார். கத்தி நின்றதை மட்டும் சொன்னேன்.

"புதுசிலையும் உப்பிடி வரும். அந்த நட்டு மூண்டையும் இறுக்கிப் பாரன். நீதானே எனக்குச் சொல்லித் தந்தனீ."

"இனி இறுக்க இடமில்லை அண்ணை. சதக்குத்தியையும் கழட்டிப்போட்டன்."

"போனை அம்மாட்டைக் குடு" என்றார்.