உருட்டினால் உருண்டையாகாத கண்

அத்தாவின் கட்டைவிரலில் மாவும் நெய்யும் கலந்த வாடை வீசும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்த அவர், மாலையில் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, இடமும் வலமும் மேலும் கீழுமாக ஆட்டுவார். தலையை அசைக்காமல் கண்முழி மட்டும் அதைத் துரத்த வேண்டும். தினம் இருநூறு சுற்று. நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும், கண்ணில் நீர் கொட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தண்டனை இது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்கு வந்து கண் பரிசோதித்த "மிசி", அதாவது தாதி, எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கிட்டப்பார்வைக்காரர்களின் கண்முழி நீண்டுபோயிருக்கும் என்று கடைக்கு வந்த யாரோ அத்தாவிடம் சொல்லிவிட்டார்கள். அது உண்மைதான். அதற்குமேல் அத்தா சொந்தமாகக் கண்டுபிடித்ததுதான் வினை. "நீண்ட மாவ உருட்டுனா உருண்டையாவுதா இல்லியா? கண்ணும் அப்படித்தாம்லா" என்பார். காலமெல்லாம் மாவு உருட்டியவருக்கு உலகமே மாவுதான். கண்ணாடிக் கடைக்குப் போகலாம் என்று அம்மா வாயெடுத்தால், "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடி மாட்டிட்டா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா?" என்று அடக்கிவிடுவார்.

ஆறு மாதம் கழித்து மிசி மறுபடி வந்தார். கரும்பலகையே தெரியாத எனக்குச் சுவரில் மாட்டிய எழுத்துகள் எங்கே தெரியும்? ஆனால் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் அதே எழுத்துகளை உரக்கப் படித்தார்கள். என் முறை வருவதற்குள் கடைசி வரிவரை மனப்பாடமாகிவிட்டது. அந்த விரல் ஒழிந்தால் போதும் என்று ஒப்பித்துவிட்டேன். என் கண் குணமாகிவிட்டதென்று அத்தா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

கேட்டவர்களில் ஒருவர் பக்கத்துத் தையற்கடைக்காரர். அவர் மகள் நூர், என்னைவிட இரண்டு வயது இளையவள், ஏற்கெனவே கண்ணாடி போட்டிருந்தவள். மறுநாளே அந்தக் கண்ணாடி தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் போனது. சுவரைத் தடவித் தடவிப் படி இறங்குவாள். பலகை தெரியாமல் தப்பாக எழுதி டீச்சரிடம் அடி வாங்கி வந்த ஒருநாள், "அக்கா, உங்களுக்கு எத்தன நாள்ல கிளியரா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் விரல் மறுபடி என் பக்கம் திரும்பும். "சீக்கிரம் தெரியும்லா, நல்லா உருட்டு" என்றேன்.

என் முதல் சம்பளத்தில்தான் நான் கண்ணாடி போட்டேன். இப்போது என் மகளுக்கும் கிட்டப்பார்வை. கண்ணை எந்தப் பக்கம் உருட்டினாலும் நீண்ட முழி குட்டையாகாது, கண்ணாடி போடுவதால் கண் கெடவும் கெடாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். போன வாரம் அத்தா, எழுபதைத் தாண்டியவர், பேத்தியின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விரலை நீட்டிக்கொண்டிருந்தார். கையைத் தட்டிவிட்டேன். "அன்னைக்கு எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியல அத்தா! மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன்!" என்று கத்தினேன். திட்டட்டும், நானும் பதிலுக்குத் திட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் விரலை மடக்கிக்கொண்டார். "அப்ப அந்தத் தையக்காரர் மவ?" என்றார்.

தையற்கடை இருந்த இடத்தில் இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் காப்பிக்கடை இருக்கிறது. அந்தக் குடும்பம் எங்கே போனது என்று கேட்டால் அங்கே சொல்ல ஆளில்லை. நூர் மறுபடி எப்போது கண்ணாடி போட்டாள், போட்டாளா என்பதுகூட எங்கள் இருவருக்கும் தெரியாது.